சொந்தப் பாட்டு வெளியிடுகிறவர்கள் சமூக வலைத்தளத்தில் ரசிகர்களோடு பழகுவது எப்படி: எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது

மெட்டுப் போடவும் ரெக்கார்டிங், மிக்ஸிங் செய்யவும் சொல்லித்தர எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பாட்டு வெளியான பிறகு அதைக் கேட்டவர் யார், அவரோடு எப்படிப் பேசுவது, அடுத்த பாட்டு வரும்போது அவர் காதுக்கு எப்படிச் சேதி சேர்ப்பது என்று வரிசையாகச் சொல்லித்தர எங்கள் குழுவுக்கு யாரும் கிடைக்கவில்லை. முட்டி மோதித்தான் கற்றுக்கொண்டோம். இப்போது தொடங்குகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

நான் பார்த்தவரை திறமையுள்ள பலரும் மாட்டிக்கொள்வது வரிசையில்தான். முதலில் ரீல்ஸ் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். பெயர், உரிமை, கணக்கு வகை எல்லாவற்றையும் பிறகு சரிசெய்யப் பார்க்கும்போது, ரசிகர்களோடு பேச வேண்டிய நேரம் முழுவதும் உதவி மையங்களுக்கு மடல் எழுதுவதிலேயே போய்விடுகிறது. அதனால் பாட்டு வெளியாவதற்கு ஆறு வாரம் முன்னால் உட்காருகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு படியுங்கள்.

1. பெயரையும் மின்னஞ்சலையும் முதலில் பூட்டுங்கள்

நீங்கள் வைத்துக்கொள்ளப்போகும் பெயரை யூடியூப், இன்ஸ்டாகிராம், ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் நான்கிலும் தேடிப் பாருங்கள். அதே பெயரில் ஏற்கெனவே ஒருவர் பாட்டு வெளியிட்டிருந்தால் ஒரு முன்னெழுத்தோ இன்னொரு சொல்லோ சேர்த்து மாற்றிக்கொள்ளுங்கள். மனசு ஒப்பாதுதான், ஆனாலும் இப்போது மாற்றுவது சுலபம், சில பாட்டுகள் வெளியான பிறகு மாற்றுவது பெரும்பாடு. எங்கள் முதல் பாட்டு வெளியான அன்று அதே பெயருள்ள வேறொரு கலைஞரின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அவர் போடுவது நடன இசை, எங்களுடையது கிட்டாரும் குரலும் மட்டும். லிங்க்கைத் தட்டி வந்தவர்கள் குழம்பித் திரும்பிப் போனார்கள், சரிசெய்து கொடுப்பதற்குள் வெளியீட்டு வாரமே முடிந்துவிட்டது.

இதைத் தடுக்க ஒரே வழி, டிஸ்ட்ரிபியூட்டரிடம், அதாவது பாட்டைத் தளங்களுக்குக் கொண்டுசேர்க்கும் நிறுவனத்திடம், பாட்டைப் பதிவேற்றும் படிவத்தில் கவனமாக இருப்பது. இந்தக் கலைஞருக்கு ஏற்கெனவே பக்கம் இருக்கிறதா என்று கேட்கும் இடத்தில், இல்லையென்றால் புதுப் பக்கம் வேண்டும் என்று சொல்லுங்கள், இருந்தால் அந்தப் பக்கத்தின் லிங்க்கையே ஒட்டுங்கள். பெயரை மட்டும் தட்டச்சு செய்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். நம் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதும்போது இன்னொரு வம்பு உண்டு: ஒரு எழுத்து கூடினாலோ குறைந்தாலோ வேறு கலைஞர் என்று கணக்காகிவிடும். ஒரு எழுத்துக்கூட்டலை முடிவு செய்து, குழுவில் எல்லோரும் அதையே எழுதுங்கள்.

அடுத்து குழுவுக்கென்று தனி மின்னஞ்சல். எல்லாக் கணக்கையும் அதில்தான் தொடங்க வேண்டும். இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள், எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபியைவிட அதற்கென்று உள்ள செயலி பாதுகாப்பானது. அது தரும் மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதி வையுங்கள். யூடியூபிலும் ஃபேஸ்புக் பக்கத்திலும் பாஸ்வேர்டைப் பகிராமலேயே இன்னொருவருக்கு நிர்வாக அனுமதி கொடுக்க முடியும், அதைப் பயன்படுத்துங்கள். குழு என்றால் இன்றே பேசிவிட வேண்டிய இன்னொன்று, நாளைக்குப் பிரிந்தால் இந்தக் கணக்கு யாருக்கு என்பது. நண்பர்களிடம் இதைக் கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். சண்டை வந்த பிறகு கேட்பது அதைவிடச் சங்கடம்.

2. கணக்கு வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள்

இன்ஸ்டாகிராமில் தொழில்முறைக் கணக்குக்கு மாறும்போது பிசினஸ், கிரியேட்டர் என்று இரண்டு வகை காட்டும். இசைக்காரர்கள் எடுக்க வேண்டியது கிரியேட்டர். பிசினஸ் கணக்குக்குப் பெரும்பாலான வெளியீட்டுப் பாடல்கள் இசை நூலகத்தில் கிடைக்காது, சில நேரம் உங்கள் பாட்டையே உங்கள் ரீலில் சேர்க்க முடியாமல் நிற்பீர்கள்.

ஃபேஸ்புக்கில் தனிப்பட்ட கணக்கில் 5,000 நண்பர்களுக்கு மேல் சேர்க்க முடியாது. தனியாகப் பக்கம் தொடங்குங்கள். யூடியூபில் தொலைபேசி எண்ணைச் சரிபார்த்தால்தான் சொந்தத் தம்ப்நெயில் வைக்கவும் 15 நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோ ஏற்றவும் முடியும். லைவ் வசதியை முதன்முறை இயக்கும்போது 24 மணிநேரம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும், ஆகவே தேவை வருவதற்கு முன்பே அதை இயக்கி வைத்துவிடுங்கள்.

வாட்ஸ்அப் குழு ஆரம்பித்து ரசிகர்களை அதில் சேர்ப்பது பலரும் ஆசையோடு செய்யும் காரியம். தயவுசெய்து செய்யாதீர்கள். குழுவில் இருக்கும் எல்லோருக்கும் எல்லோருடைய எண்ணும் தெரியும். உங்கள் பாட்டு பிடித்து வந்த ஒரு பெண்ணின் எண் முன்பின் தெரியாதவர்களிடம் போய்ச் சேரும், அதற்கப்புறம் நடப்பதற்கு நீங்கள்தான் பொறுப்பு. வாட்ஸ்அப் சேனல் தொடங்குங்கள், அதில் பின்தொடர்கிறவர்களின் எண் மற்றவர்களுக்குத் தெரியாது.

எல்லாத் தளத்திலும் பெயரைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம், ஆனால் உண்மையில் வேலை செய்வது இரண்டில் மட்டும் இருக்கட்டும். பாட்டு நிலைத்து நிற்க யூடியூப், தினசரிப் பேச்சுக்கு இன்ஸ்டாகிராம் அல்லது உங்கள் நாட்டில் இயங்கினால் டிக்டாக். இரண்டு இடத்தில் வரும் கமெண்டுக்கே பதில் சொல்லி முடியாது, ஐந்து இடத்தில் எங்கே சொல்வது.

3. ஆவணக் கோப்பு

போஸ்ட் போடுவதற்கு ஆவணம் எதற்கு என்று தோன்றும். உங்கள் வீடியோ மேல் யாராவது உரிமை கோரும் நாள் வந்தால் புரியும். பாட்டுக்கு ஒரு கோப்புறை போட்டு இவற்றை அதில் வையுங்கள்:

- பங்கு ஒப்பந்தம். பாடல் வரி யார், மெட்டு யார், இசைக்கோப்பு யார், யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதி எல்லோரும் கையெழுத்திட்ட ஒரு தாள் போதும். கூட்டினால் நூறு வர வேண்டும்.
- லூப் (திரும்பத் திரும்ப ஓடும் ஆயத்த இசைத் துணுக்கு), பீட், சாம்பிள் வாங்கியிருந்தால் அதன் உரிமமும் ரசீதும். இலவசமாக இறக்கியதென்றால் அந்தப் பக்கத்தில் இருந்த நிபந்தனையின் ஸ்கிரீன்ஷாட், தேதியோடு.
- சம்பளத்துக்கு வாசித்துக் கொடுத்த கலைஞர்களிடம் இருந்து இந்தப் பதிவை வெளியிடச் சம்மதம் என்று ஒரு வரி. வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் பரவாயில்லை, சேமித்து வையுங்கள்.
- படம் எடுத்தவரின் அனுமதி. உங்கள் முகம் இருப்பதாலேயே அந்தப் புகைப்படம் உங்களுடையதாகிவிடாது.
- அழுத்தாத, முழுத் தரமுள்ள வேவ் கோப்பு. குரல் இல்லாத வாத்தியப் பதிவும் ஒன்று, அது லைவிலும் ரசிகர்கள் பாடும் வீடியோக்களிலும் நிச்சயம் உதவும்.
- அட்டைப்படம், சதுரமாக, 3000-க்கு 3000 பிக்சல். அதில் இன்ஸ்டாகிராம் பெயர், இணைய முகவரி, தளங்களின் சின்னம் எதுவும் இருக்கக் கூடாது, இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.
- ஐஎஸ்ஆர்சி எண். ஒவ்வொரு பதிவுக்கும் உரிய 12 எழுத்து அடையாளம் இது, பெரும்பாலும் டிஸ்ட்ரிபியூட்டரே தந்துவிடுவார். பின்னால் டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றினால் புது எண் வாங்காமல் இதே எண்ணைக் கொடுங்கள். புது எண் போட்டால் அதுவரை சேர்ந்த கேட்பு எண்ணிக்கை பழைய பதிவோடு நின்றுவிடலாம்.

இங்கே ஒரு கண்ணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். யூடியூபின் கன்டென்ட் ஐடி என்பது பதிவேற்றும் ஒவ்வொரு வீடியோவின் ஒலியையும் தன்னிடம் பதிந்துள்ள பாடல்களோடு ஒப்பிடும் தானியங்கி ஏற்பாடு. டிஸ்ட்ரிபியூட்டர் படிவத்தில் அதற்கு ஒரு டிக் பெட்டி இருக்கும். எல்லோரும் வாங்கக்கூடிய ஒரு லூப் உங்கள் பாட்டில் வெளிப்படையாக ஒலிக்கிறதென்றால் அந்தப் பெட்டியில் டிக் செய்யாதீர்கள். அதே லூப்பைப் பயன்படுத்திய வேறு யாரோ ஒருவரின் வீடியோ மேல் உங்கள் பெயரில் உரிமை கோரல் போய் விழும், அது பொய்யான கோரல். பாட்டு முழுக்க உங்களுடையதுதான், டிக் செய்துவிட்டீர்கள் என்றால், உங்கள் சொந்த யூடியூப் சேனலை விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொல்ல மறக்காதீர்கள், இல்லாவிட்டால் உங்கள் வீடியோவுக்கே கோரல் வரும். வந்தால் பதற வேண்டாம். கோரல் வேறு, ஸ்ட்ரைக் வேறு. கோரலால் பெரும்பாலும் அந்த வீடியோவின் வருமானம் திசை மாறும், அவ்வளவுதான். அதை நீங்கள் மறுத்தால் கோரியவர் 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். ஸ்ட்ரைக் என்பது பதிப்புரிமை மீறலுக்குச் சேனல் மேல் விழும் எச்சரிக்கை, அது சேனலுக்கே ஆபத்து, 90 நாள் காலத்துக்குள் மூன்று சேர்ந்தால் சேனலே போகலாம்.

அடுத்தவர் பாட்டை நீங்கள் பாடிப் போடுவதும் இதில் சேரும். பதிவு உங்களுடையதாக இருந்தாலும் மெட்டும் வரியும் அவர்களுடையது. யூடியூபில் பல நேரம் வீடியோ நிற்கும், வருமானம் உரிமையாளருக்குப் போகும். ஆளைச் சேர்க்க கவர் பாடல் நல்ல வழிதான், ஆனால் அதை மட்டுமே போட்டுக்கொண்டிருந்தால் வருகிறவர்கள் அந்தப் பாட்டுக்காகத்தான் வருவார்கள். கவர் பாடல் போட்ட கையோடு சொந்தப் பாட்டின் துணுக்கு ஒன்று உங்கள் பக்கத்தில் மேலே பின் செய்யப்பட்டிருக்கட்டும்.

4. டிஸ்ட்ரிபியூட்டரும் நாள்காட்டியும்

ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், இன்ஸ்டாகிராமின் இசை நூலகம் எல்லாவற்றுக்கும் பாட்டைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் டிஸ்ட்ரிபியூட்டர். கட்டண முறை இரண்டு மூன்று வகை. டிஸ்ட்ரோகிட் போன்றவை ஆண்டுச் சந்தா வாங்கும். சிடி பேபி ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒருமுறைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வருமானத்தில் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும். முன்பணமே கேட்காமல் பங்கு மட்டும் எடுப்பவையும் உண்டு. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: நான் பணம் கட்டுவதை நிறுத்தினால் பாட்டு தளங்களில் நிற்குமா, இறங்கிவிடுமா? ஆண்டுக்கு நிறைய பாட்டு போடுபவருக்குச் சந்தா லாபம். ஒன்றிரண்டு போடுபவருக்கு ஒருமுறைக் கட்டணமே நிம்மதி.

தேதி விஷயம். 2015 ஜூலையில் இருந்து உலகம் முழுக்கப் புதுப் பாட்டுக்கான நாள் வெள்ளிக்கிழமை. பெரிய கலைஞர்களும் அன்றைக்குத்தான் வருவார்கள் என்பதால் வேறு நாள் எடுப்பதிலும் தப்பில்லை. எந்த நாளானாலும் நான்கு வாரம் முன்பே கோப்பை அனுப்பிவிடுங்கள். ஒரு எழுத்துப்பிழைக்காகத் திருப்பி அனுப்பினாலும் சமாளிக்க நேரம் இருக்கும்.

பாட்டு ஸ்பாட்டிஃபைக்குப் போய்ச் சேர்ந்ததும் கலைஞர்களுக்கென்று உள்ள ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸில் உங்கள் பக்கத்துக்கு உரிமை கோருங்கள். அங்கிருந்து, வெளியாகாத பாட்டு ஒன்றைப் பிளேலிஸ்ட் தொகுப்பாளர்களுக்குப் பரிந்துரைக்கலாம், கட்டணம் கிடையாது. தொகுப்பாளர் எடுத்துக்கொள்வாரா என்பது அவர் கையில். ஆனால் வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பு பரிந்துரைத்தால், உங்களைப் பின்தொடர்கிறவர்களுக்குப் புதுப் பாட்டுகளைக் காட்டும் ரிலீஸ் ரேடார் பட்டியலில் அந்தப் பாட்டு வரும். இருக்கிற ரசிகரின் காதுக்குச் சேதி போகும் இலவச வழி இது, நாளைத் தவறவிட்டால் திரும்பக் கிடைக்காது. பாட்டு ஓடும்போது திரையில் சுழலும் 3 முதல் 8 நொடிச் செங்குத்து வீடியோவும் அங்கேதான் ஏற்ற வேண்டும்.

யூடியூபில் டிஸ்ட்ரிபியூட்டர் வழியாகப் போகும் பாட்டுக்குத் தானாகவே ஒரு தலைப்புச் சேனல் (டாபிக் சேனல்) உருவாகும், அது உங்கள் சேனலோடு சேராமல் தனியாக நிற்கும். இரண்டையும் ஒன்றாக்கிக் கலைஞரின் அதிகாரபூர்வச் சேனலாக மாற்றித் தரும்படி டிஸ்ட்ரிபியூட்டரிடம் விண்ணப்பிக்க வேண்டும். செய்யாவிட்டால் ரசிகர்கள் இரண்டு இடத்தில் சிதறிக் கிடப்பார்கள். பாடல் வரிகளுக்கான தளமான மியூசிக்ஸ்மேட்சில் வரிகளை நேரக் குறிப்போடு ஏற்றிவிடுங்கள், ஸ்பாட்டிஃபையில் பாட்டோடு வரி ஓடும்.

5. ஒரே நாளில் ஷூட் செய்து வைத்துக்கொள்ளுங்கள்

தினமும் என்ன போடுவது என்று யோசித்தால் பாட்டுப் போடும் மனநிலையே போய்விடும். வெளியீட்டுக்கு மூன்று வாரம் முன்னால் ஒரு நாளை ஒதுக்கி, தேவையான துணுக்குகளை ஒரே மூச்சில் எடுத்துவிடுங்கள். செங்குத்தாக, 1080-க்கு 1920 அளவில். கீழ்ப்பகுதியிலும் வலது ஓரத்திலும் எழுத்து வைக்காதீர்கள், அங்கே தளத்தின் பட்டன்கள் வந்து மறைக்கும்.

ஒலிதான் முக்கியம், நாம் இசைக்காரர்கள். போன் மைக் சத்தம் ஏறும்போது தானே அமுக்கும், இறங்கும்போது தானே தூக்கும், அதனால் உங்கள் குரலின் ஏற்ற இறக்கம் செத்துவிடும். ஒலியைத் தனியாகப் பதிவு செய்து, படம் எடுக்கத் தொடங்கும்போது ஒரு கை தட்டுங்கள். எடிட்டிங்கில் அந்தத் தட்டலை வைத்து இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் வணக்கம், அறிமுகம் எதுவும் வேண்டாம். பாட்டின் ஆகச் சிறந்த இடம் முதல் இரண்டு நொடிக்குள் வந்துவிட வேண்டும். அது பல்லவியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, சில பாட்டுக்கு அது சரணத்தின் கடைசி வரி.

எதை எடுப்பது? பாடும் துணுக்கு மூன்று நான்கு. ஒரு வரி எப்படி மாறி மாறி இப்போதைய வடிவத்துக்கு வந்தது என்று சொல்லும் ஒன்று, பழைய நோட்டுப் பக்கத்தைக் காட்டி. ஒரு வாத்தியத்தை மட்டும் தனியாக ஒலிக்கவிட்டு, பிறகு மற்றவை ஒவ்வொன்றாகச் சேரும் ஒன்று. இந்தக் கடைசி வகைதான் எங்களுக்கு எப்போதும் நல்ல பேச்சைத் தொடங்கிவைக்கிறது, கேட்கிறவர்களுக்குத் தாங்களும் உள்ளே வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறதாம்.

இங்கே ஒரு கண்ணி. பாட்டு வெளியாகும் முன்பு நீங்கள் போடும் ரீலில் ஒலி ஒரிஜினல் ஆடியோ என்றுதான் பதிவாகும். அதற்குப் பெயர் மாற்ற ஒருமுறைதான் வாய்ப்பு, பாட்டின் பெயரையும் உங்கள் பெயரையும் சரியாக எழுதுங்கள். பாட்டு வெளியான பிறகு போடும் ரீல்களில் இசை நூலகத்தில் உள்ள அதிகாரபூர்வப் பாட்டையே சேர்த்துப் போடுங்கள், ரசிகர்களுக்கும் அதையே காட்டுங்கள். இல்லாவிட்டால் பாதிப் பேர் ஒன்றையும் மீதிப் பேர் இன்னொன்றையும் பயன்படுத்துவார்கள். டிக்டாக்கில் இருந்து இறக்கிய, அதன் முத்திரையுள்ள வீடியோவை அப்படியே இன்ஸ்டாகிராமில் ஏற்றாதீர்கள், வேறு தளத்தின் முத்திரை தெரியும் ரீல்ஸை இன்ஸ்டாகிராம் குறைவாகத்தான் பரிந்துரைக்கும்.

6. பதில் சொல்லுங்கள்

மேலே சொன்னதெல்லாம் இதற்கு வழிசெய்யத்தான். போஸ்ட் போட்டுவிட்டுப் போனை மூடிவைத்துவிட்டுத் தூங்கப் போவதென்றால் அந்தப் போஸ்டை நாளைக்குப் போடுங்கள். போட்ட பிறகு ஒரு மணிநேரமாவது உட்கார்ந்து பதில் சொல்ல முடிகிற நேரமாகப் பார்த்துப் போடுங்கள்.

நெருப்பு ஸ்மைலிக்கு நெருப்பு ஸ்மைலி பதிலாகாது. ஒருவர் எங்கள் பாட்டுக்குக் கீழே, “இரண்டாவது சரணம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வயலின் கீழே இறங்குதே, அதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டு இருக்கேன்” என்று எழுதியிருந்தார். நன்றி என்று போட்டுவிட்டு நகர்ந்திருக்கலாம். எங்கள் வயலின் கலைஞர் அந்த நாலு நொடியை மெதுவாக வாசித்து, எந்த விரல் எங்கே வழுக்குகிறது என்று காட்டி, அந்தக் கமெண்டுக்கே வீடியோவாகப் பதில் போட்டார். இன்ஸ்டாகிராமில் அதற்கு வசதி இருக்கிறது, கமெண்டுக்குப் பதில் எழுதும் இடத்திலேயே ரீல் எடுக்கலாம். வயலின் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் அதை வாசித்து எங்களை டேக் செய்ய ஆரம்பித்தார்கள். கேட்டவர் இன்றைக்கும் ஒவ்வொரு பாட்டுக்கும் முதல் ஆளாக வருகிறார்.

கமெண்டில் பெயரைச் சொல்லி அழைத்துப் பேசுங்கள், திருப்பி ஒரு கேள்வி கேளுங்கள். எந்த நேரத்தில் கேட்டீர்கள், எந்த வரி பிடித்தது என்று கேட்டால் மக்கள் மனம் விட்டு எழுதுவார்கள். அடிக்கடி வருகிறவர்களின் பெயரை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள், இவர் முன்பு என்ன சொன்னார் என்று ஒரு வரியோடு. அடுத்த முறை அதை நினைவில் வைத்துப் பேசும்போது அவருக்கு ஏற்படும் சந்தோஷத்தைப் பார்த்தால் இந்த வேலை பாரமாகவே தெரியாது. ரசிகர் யாராவது உங்கள் பாட்டைப் பாடிப் போட்டால், அவரிடம் கேட்டுவிட்டு உங்கள் ஸ்டோரியில் பகிருங்கள். நன்றாகப் பாடியிருந்தால் ஒரு கொலாப் போஸ்டாகவே போடலாம், இரண்டு பேரின் பக்கத்திலும் அது தெரியும்.

திட்டி எழுதுபவர்களில் பாட்டைப் பற்றிச் சொல்கிறவர்களுக்குப் பணிவாகப் பதில் சொல்லுங்கள். இசை வரிகளை அமுக்குகிறது, மிக்ஸிங் சரியில்லை என்கிறவர் உண்மையாகவே கேட்டிருக்கிறார். ஆளைத் தாக்குகிறவரை மறைத்துவிடுங்கள், குறிப்பிட்ட சொற்கள் வந்தால் தானாக மறையும்படி அமைப்பில் போட்டுவைக்கலாம். தனிச்செய்திக்கு எல்லை வையுங்கள், குறிப்பாகச் சிறுவர் சிறுமியர் என்று தெரிந்தால் பொதுவெளியிலேயே பேசுங்கள்.

7. ரசிகரின் முகவரி உங்கள் கையில் இருக்கட்டும்

பின்தொடர்கிறவர் எல்லோருக்கும் உங்கள் போஸ்ட் போய்ச் சேராது. யாருக்குக் காட்டுவது என்று தளம் முடிவு செய்கிறது. கணக்கு முடங்கினால் மொத்த உறவும் போய்விடும். அதனால் முதல் நாளில் இருந்தே மின்னஞ்சல் பட்டியல் ஒன்று வளரட்டும். சிறிய பட்டியல்களை இலவசமாக நிர்வகிக்க உதவும் சேவைகள் இருக்கின்றன. இன்ஸ்டாகிராம் பயோவில் ஐந்து லிங்க் வரை வைக்கலாம், முதலாவது இதற்கே.

சும்மா முகவரி கேட்டால் யாரும் தரமாட்டார்கள். வாத்தியப் பதிவு, ஸ்வரக் குறிப்பு, வெளியாகாத டெமோ என்று ஏதாவது கொடுங்கள். எதற்காக முகவரி வாங்குகிறீர்கள், எத்தனை நாளைக்கு ஒருமுறை எழுதுவீர்கள் என்று அதே படிவத்தில் சொல்லுங்கள், ஒவ்வொரு மடலிலும் விலகுவதற்கான லிங்க் இருக்க வேண்டும். ரசிகர்களுக்கு நேரடியாகப் பாட்டு விற்கும் தளமான பேண்ட்கேம்பில் விற்றால் வாங்கியவரின் மின்னஞ்சல் உங்களுக்கே கிடைக்கும். டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதத்தை அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள், என்னைக் கேட்டால் அந்த முகவரிக்காகவே அது தகும்.

8. லைவ்

இன்ஸ்டாகிராமில் லைவ் போகப் பொதுக் கணக்கும் 1,000 ஃபாலோயரும் வேண்டும். யூடியூபில் போனில் இருந்து போக 50 சப்ஸ்கிரைபர் போதும், தொடங்குகிறவர்களுக்கு அதுவே நல்லது. முன்கூட்டியே தேதி நேரம் சொல்லுங்கள், வெளிநாட்டில் கேட்கிறவர்கள் இருந்தால் அவர்கள் நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். பின்னணியில் யாருடைய பாட்டும் ஓடக் கூடாது, லைவ் பாதியிலேயே நின்றுவிடலாம். கமெண்ட் படிக்க ஒருவர் தனியாக இருந்தால் பாடுகிறவர் பாடலாம்.

9. காசு எங்கே போடலாம், எங்கே போடவே கூடாது

இத்தனை ரூபாய்க்கு இத்தனை ஆயிரம் கேட்பு, இத்தனை ஃபாலோயர் என்று தினமும் தனிச்செய்தி வரும். ஒரு பைசா கொடுக்காதீர்கள். அவை ஆளில்லாமல் தானாக இயங்கும் போட் கணக்குகள். ஸ்பாட்டிஃபை போலிக் கேட்பைக் கண்டுபிடித்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்கு அபராதம் போடுகிறது, அவர்கள் அதை உங்கள் தலையில் கட்டுவார்கள், பாட்டையே இறக்கவும் செய்வார்கள். கூடவே, கேட்பது யார் என்று தளத்துக்குத் தவறான பாடம் போய், உண்மையான ரசிகருக்கு உங்களைக் காட்டுவது குறைந்துபோகும்.

கையில் கொஞ்சம் காசு இருந்தால் முதலில் மாஸ்டரிங் (மிக்ஸிங் முடிந்த பாட்டுக்குச் செய்யும் கடைசி ஒலிச் சீரமைப்பு), அப்புறம் ஒரு நல்ல மைக். விளம்பரத்துக்குச் செலவழிப்பதென்றால் ஏற்கெனவே தானாக நன்றாகப் போன துணுக்குக்கு மட்டும், சிறு தொகையாக.

வருமானத்தைப் பற்றி அவசரக் கனவு வேண்டாம். யூடியூபில் விளம்பர வருமானம் தொடங்க 1,000 சப்ஸ்கிரைபரும், கடந்த 12 மாதத்தில் 4,000 மணிநேரப் பார்வையோ 90 நாளில் ஷார்ட்ஸில் ஒரு கோடிப் பார்வையோ வேண்டும். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 முறை கேட்கப்பட்டால்தான் அதன் பதிவு உரிமைத் தொகை கணக்கில் வரும்.

10. கணக்கைத் திருட வருகிறவர்கள்

பாட்டு கொஞ்சம் பரவ ஆரம்பித்ததும் வருவார்கள். பதிப்புரிமை மீறியிருக்கிறீர்கள், 24 மணிநேரத்தில் இந்த லிங்க்கில் மறுப்புத் தெரிவியுங்கள் என்று ஒரு தனிச்செய்தி வரும், தளத்தின் சின்னத்தோடு. உண்மையான அறிவிப்பு உங்கள் கணக்கின் அமைப்புப் பகுதிக்குள்ளேயே இருக்கும், அங்கே போய்ப் பாருங்கள், லிங்க்கைத் தொடாதீர்கள். விளம்பர ஒப்பந்தம் என்று வரும் கோப்புகளையும் திறக்காதீர்கள், திறந்த கணத்தில் பாஸ்வேர்டு இல்லாமலேயே சேனலுக்குள் நுழையும் வகை அவற்றில் உண்டு.

இன்னொரு கூட்டம் உங்கள் படத்தையும் பெயரையும் வைத்துப் போலிக் கணக்கு தொடங்கி ரசிகர்களிடம் பணம் கேட்கும். நீங்கள் தனிச்செய்தியில் யாரிடமும் எப்போதும் பணம் கேட்கமாட்டீர்கள் என்று ஒரு போஸ்ட் போட்டு அதைப் பின் செய்து வையுங்கள். போலியைக் கண்டால் நீங்கள் ஒருவரே புகார் செய்துவிட்டு நிற்காமல், ஸ்டோரியில் போட்டு ரசிகர்களையும் புகார் செய்யச் சொல்லுங்கள். யாராவது ஏமாந்துவிட்டதாக எழுதினால் அந்த உரையாடலின் ஸ்கிரீன்ஷாட்டையும் பணம் அனுப்பிய விவரத்தையும் உடனே எடுத்து வைக்கச் சொல்லி, அவர்களுடைய வங்கிக்கும் காவல்துறையின் சைபர் பிரிவுக்கும் அன்றைக்கே தெரிவிக்கச் சொல்லுங்கள்.